அப்பப்பாவோடு ஓங்கில் பார்க்கப் போன கதை

"அப்பப்பா ஏன் ஒருநாளும் எங்களோட கப்பலில ஏறுறேல்லை?"

மகள் இதைக் கேட்டது ஹம்பேர்க் லண்டுங்ஸ்புறுக்கனில், 62ஆம் இலக்க ஃபெரிக்காக வரிசையில் நிற்கும்போது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் ஃபெரியில் போவோம், அப்பா கரையில் நிற்பார். திரும்பி வரும்போது மீன்பாண் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். பழகிப்போனதால் ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

அப்பாவின் ஊர் வல்வெட்டித்துறை. கடலுக்குப் பேர்போன ஊர். 1938இல் அந்த ஊரில் கட்டின 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். ஓட்டிக்கொண்டு போன மாலுமிகளில் வல்வெட்டித்துறை ஆக்களும் இருந்தார்கள். இந்தக் கதையை அப்பா எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். ஆனால் தான் கடலில் போன கதையை ஒருதரமும் சொன்னதில்லை.

1985இல் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார், பிறகு விமானத்தில் கிழக்கு பேர்லின், அங்கிருந்து எஸ்-பான் ஏறி மேற்கு பேர்லின், கடைசியில் ஹம்பேர்க். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்களில் கனபேருக்கும் உங்கட அப்பா அம்மா வந்த கதை இப்படி ஒரு வரியிலதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

பன்றித் திமிங்கிலம்

2023 ஒக்டோபர், பாடசாலையில் இலையுதிர்கால விடுமுறை. என்னோடு வேலை செய்கிற ஒரு ஜேர்மன் நண்பருக்கு ஃபிளென்ஸ்பேர்க்கில் பத்து மீற்றர் நீளப் பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகக் காலத்தில் அல்ஸ்ரர் ஏரியில் பாய்ப்படகு பழகி, பிறகு கடல் லைசென்சும் எடுத்தவன் நான். "நாலைந்து நாள் டென்மார்க் பக்கம் போய், மிடில்ஃபார்ட் மட்டும் ஓடிவிட்டு வருவம். அங்க திமிங்கிலம் இருக்கு" என்றார் நண்பர்.

திமிங்கிலம் என்றால் வீடளவு பெரியதை நினைக்க வேண்டாம். இது ஜேர்மனில் 'ஷ்வைன்ஸ்வால்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பன்றித் திமிங்கிலம். வளர்ந்தது ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட, நிறை 50, 60 கிலோ. ஒரு பெரிய ஆளளவுதான். ஜேர்மன் கடலில் நிரந்தரமாக வாழ்ந்து குட்டி போடுகிற ஒரே திமிங்கில இனம் இது. வட கடலில் சில்ட் தீவுக்கு மேற்கே இதற்காகவே 1999இல் ஒரு பாதுகாப்புப் பகுதி ஏற்படுத்தினார்கள். வசந்த காலத்தில் ஸ்ரின்ற் என்ற சின்ன மீனைத் துரத்திக்கொண்டு எல்ப ஆற்றுக்குள்ளேயும் வரும். ஹம்பேர்க் துறைமுகத்திலேயே கண்ட ஆக்கள் இருக்கிறார்கள்.

மகள் அந்தக் கோடையில் பாடசாலையில் ஷ்வைன்ஸ்வாலைப் பற்றி ஒரு 'றெஃபெறாற்' செய்தவள். விஷயம் கேள்விப்பட்ட அன்றே அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பப்பா, நீங்களும் வாங்கோ. நான் பக்கத்திலயே இருப்பன்."

நான் எத்தனையோ தரம் கேட்டு வராத மனுசன், அவள் ஒருக்கால் கேட்க ஓம் என்று விட்டார். மனைவி மட்டும், "அப்பாவை இந்த வயசில கூட்டிக்கொண்டு போறீங்கள், கவனம்" என்றா. நாலு வயது மகனோடு அவ வீட்டில் நின்றுவிட்டா.

ஆளில்லாத எல்லை

16ஆம் திகதி திங்கட்கிழமை ஃபிளென்ஸ்பேர்க்கில் இருந்து வெளிக்கிட்டோம். நீளமான, ஒடுக்கமான கடற்கழி அது. ஒரு கரை ஜேர்மனி, மற்றக் கரை டென்மார்க். எல்லை தண்ணீருக்கு நடுவே போகிறது.

அப்பா லைஃப் ஜாக்கெட்டை ஒன்றுக்கு மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, படியோரம் முதுகைச் சாய்த்து இருந்தார். இரண்டு கையும் கம்பியைப் பிடித்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லை எவடத்தில?" என்று கேட்டார்.

நண்பர் வரைபடத்தைப் பார்த்து, "இப்பதான் தாண்டினோம்" என்றார்.

"ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை."

அப்பா திரும்பிப் பார்த்தார். இரண்டு கடற்காகமும் ஒரு மிதவையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. பிறகு வெகுநேரம் அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

இரவு சொண்டர்போர்க்கில் கட்டினோம். செவ்வாய்க்கிழமை காலை பாலம் திறக்கும் மட்டும் காத்திருந்து, அல்ஸ் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீரிணை வழியே வடக்கே போனோம். மத்தியானம் காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்கியது. தண்ணீர் எண்ணெய் மாதிரி.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"புஸ்ஸ்."

யாரோ மூக்கைச் சிந்தினது போல. நான் மகளைப் பார்த்தேன், மகள் என்னைப் பார்த்தாள். திரும்பவும் "புஸ்ஸ்." இந்த முறை இடது பக்கம், ஒரு இருபது மீற்றர் தள்ளி. சின்ன முக்கோணத் துடுப்பு ஒன்று மேலே வந்து, சில்லு உருளுகிற மாதிரிச் சுழன்று உள்ளே போனது. அதற்குப் பக்கத்தில் அதில் பாதியளவில் இன்னொன்று. தாயும் குட்டியும்.

மகள் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். றெஃபெறாற் எழுதும்போது படித்ததெல்லாம் கிசுகிசுப்பாக வெளியே வந்தது. குட்டி கோடையில் பிறந்திருக்கும். எட்டுப் பத்து மாதம் பால் குடிக்கும். இவை டொல்ஃபின் போலப் பாயமாட்டா, படகோடு விளையாட வராதுகள். மூன்று நாலு தரம் மூச்செடுத்துவிட்டு நிமிடக் கணக்கில் கீழே போய்விடும். சின்ன உடம்பு, குளிர்ந்த தண்ணீர், அதனால் இரவு பகல் தின்றுகொண்டே இருக்க வேண்டும். டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் உடம்பில் கருவி பொருத்திப் பார்த்தபோது, மணிக்கு 500க்கும் மேற்பட்ட சின்ன மீன்களை வேட்டையாடினதும் இருந்ததாம். கண்ணுக்கு எட்டாத இருட்டிலும் சத்தம் எழுப்பி, எதிரொலியை வைத்து மீனைப் பிடிக்கும். அந்தச் சத்தம் 130 கிலோஹேர்ட்ஸ் அளவில், எங்கள் காதுக்கு எட்டாது.

அப்பா எழுந்து நின்றார். கம்பியை விட்டுவிட்டார்.

"ஓங்கில்" என்றார்.

மகள் திரும்பினாள். "என்ன அப்பப்பா?"

"எங்கட கடலில இதுகளை ஓங்கில் எண்டு சொல்லுவம்."

நுணுக்கமாகப் பார்த்தால் ஓங்கில் என்பது டொல்ஃபின். இது அதன் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. நான் திருத்தப் போகவில்லை. மகள் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். ஓங்கில், ஓங்கில்.

1985, இருட்டு

அன்று இரவு டுவிக் என்ற சின்னத் துறைக்குள் கட்டினோம். சோறும் ரின் மீன் கறியும். சாப்பிட்டு முடிய அப்பா தானாகவே தொடங்கினார். என்னிடம் இல்லை, மகளிடம்.

"அண்டைக்கு நாங்கள் பதினாலு பேர், பிள்ளை. சின்ன வள்ளம். ஊரில இருந்து கோடியக்கரைக்கு. லைற் இல்லை, கதைக்கக் கூடாது. நேவி நிக்கும் எண்டு எஞ்சினையும் நடுவில நிப்பாட்டிப் போட்டினம். அலை தூக்கித் தூக்கிப் போடுது. எனக்கு இருபத்திமூண்டு வயசு. ஒரு கைக்குழந்தையும் இருந்தது. தாய் அதின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவ."

மகளுக்குத் தமிழ் முழுக்க விளங்காது. ஆனாலும் அசையாமல் இருந்தாள். நண்பருக்கு நான் ஜேர்மனில் மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப பக்கத்தில ஒரு சத்தம். புஸ்ஸ் எண்டு. ஆரோ மூச்சு விடுற மாதிரி. நேவி பக்கத்தில வந்திட்டான் எண்டு எல்லாரும் குனிஞ்சிட்டம். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகும் புஸ்ஸ், புஸ்ஸ். ஓட்டிதான் சொன்னார், பயப்பிடாதேங்கோ, அது ஓங்கில் எண்டு. விடியும் மட்டும் அதுகள் எங்களோடதான் வந்தது. இண்டைக்கு அந்தச் சத்தம் கேட்டோண்ணை..."

அவர் முடிக்கவில்லை. மகள் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது?"

"கரைக்கு வந்தது. நல்லா அழுதது."

38 வருடம் அப்பா இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் கேட்காதபடியால் அவர் சொல்லவில்லையா, அவர் சொல்லாதபடியால் நான் கேட்கவில்லையா, எனக்கு இன்னும் தெரியாது.

"திரும்புவம்"

ஒன்பதரைக்கு மனைவியின் ஃபோன் வந்தது. "செய்தி பார்த்தனீங்களே? கிழக்குக் காற்றுப் புயல் எண்டு சொல்லீனம்."

பார்த்திருந்தேன். வியாழனும் வெள்ளியும் பலத்த கிழக்குக் காற்று, கரையோரம் தண்ணீர் ஏறும் என்று முன்னறிவிப்பு இருந்தது. நான் மென்பொருள் பொறியியலாளர். மூன்று செயலிகளில் மூன்று வானிலை மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, எனக்குப் பிடித்த முடிவை எடுத்து வைத்திருந்தேன். புதன்கிழமை மிடில்ஃபார்ட் போகலாம், வியாழன் விடியத் திரும்பினால் காணும்.

நண்பர் யோசித்தார். அவர் பதில் சொல்லுவதற்குள் அப்பா, "தம்பி, திரும்புவம்" என்றார்.

"அப்பா, ஒரு நாள்தானே. பிள்ளைக்கு இன்னும் கன ஓங்கில் காட்டலாம்."

"பிள்ளை கண்டிட்டுது. காணும்."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. அப்பா பழைய பயத்தில் கதைக்கிறார் என்று நினைத்தேன். நண்பர்தான், "உன் அப்பா சொல்வது சரி. கிழக்குக் காற்று என்றால் இந்தக் கடல் வேறு" என்று முடித்து வைத்தார்.

ஏன் வேறு? பால்டிக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. காற்றுத்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. கிழக்கிலிருந்து நாட்கணக்காகக் காற்று அடித்தால், தண்ணீர் எல்லாம் மேற்கு மூலையில் வந்து குவியும். ஃபிளென்ஸ்பேர்க் கழி மறுபக்கம் வாசல் இல்லாத பை மாதிரி. வந்த தண்ணீருக்குப் போக வழி இல்லை. அதோடு அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். சின்னப் படகுக்கு அது பொல்லாத அலை.

புதன் விடியவே வெளிக்கிட்டோம். நீரிணைக்குள் தீவு காற்றை மறைத்தது. "இதுக்கோ பயந்தனீங்கள்?" என்று நான் மனதுக்குள் நினைத்ததையும் மறைக்கவில்லை. சொண்டர்போர்க்கைத் தாண்டி வெளிக்கழிக்கு வந்ததும் பதில் கிடைத்தது. காற்று பியூஃபோர்ட் 6, இடைக்கிடை அதற்கு மேல். திறந்த கடலில் இருந்து வருகிற அலை பின்னாலிருந்து படகைத் தூக்கி, அணியத்தைக் கீழே குத்தியது. பெரிய பாயை இறக்கி, முன்பாயில் ஒரு துண்டை மட்டும் விட்டோம். எல்லோருடைய இடுப்பிலும் பாதுகாப்புக் கயிறு. ஒக்டோபரில் அந்தத் தண்ணீர் 12, 13 பாகைதான். விழுந்தால் உடம்பு ஒத்துழைக்கும் நேரம் மிகக் குறைவு.

மகள் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். முகம் வெள்ளையாகிவிட்டது. அப்பா அவளைத் தன் மடிக்குள் இழுத்து, "கரையைப் பார், பிள்ளை. அலையைப் பாக்காதை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சுக்கானில். கைகள் நடுங்கியது குளிரால் மட்டுமில்லை. நேற்று நான் சொன்னபடி போயிருந்தால் என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நாளைக்கு, இதைவிடப் பெரிய காற்றில், இந்தப் பிள்ளையோடு.

ஒரு பெரிய அலை பின்பக்கம் ஏறி எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு மகள் கேட்டாள்.

"அப்பப்பா, அந்தக் குட்டி இப்ப எங்க?"

"தாயோட கீழ போயிருக்கும்."

"ஆனா அதுக்கு மூச்செடுக்க மேல வரவேணுமே. இந்த அலையிலயும்."

"ஓம். வரும். மூச்செடுத்திட்டுத் திரும்பவும் போகும்."

இந்த அலையில் அதைக் காண முடியாது. கடல் கொஞ்சம் கலங்கினாலே ஷ்வைன்ஸ்வாலின் துடுப்பு மறைந்துவிடும். ஆனாலும் அவள் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தாள். ஹொல்னிஸ் முனையைச் சுற்றி உள்கழிக்குள் வந்த பிறகுதான் அலை அடங்கியது. அப்பா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நல்லா ஓட்டினாய்" என்றார். நேற்றைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பின்னேரம் கட்டுகிற கயிறுகளை இரட்டிப்பாக்கி, தண்ணீர் ஏறினால் இழுபடாமல் நீளம் விட்டு, வீட்டுக்கு வெளிக்கிட்டோம்.

20ஆம் திகதி வெள்ளி இரவு ஃபிளென்ஸ்பேர்க்கில் கடல் மட்டம் வழமையை விட 2.27 மீற்றர் உயர்ந்தது. நூறு வருடத்துக்கு மேலாகக் காணாத உயரம். துறைமுக வீதிகள் தண்ணீருக்குள். டாம்ப், ஷில்க்சே போன்ற படகுத்துறைகளில் பாய்ப்படகுகள் உடைந்தும் தாண்டும் போயின. நண்பரின் படகு ஒரு பக்கம் நசுங்கித் தப்பியது. நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். "நீங்கள் சொன்னது சரி, அப்பா." அவர், "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார்.

கடலுக்குள் கிடக்கிற சண்டை

திரும்பி வரும் வழியில், காரில் நண்பர் சொன்ன ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். ஜேர்மனியின் வட கடலிலும் பால்டிக்கிலும் இரண்டு உலகப் போர்களின் வெடிபொருட்கள் ஏறக்குறைய 16 இலட்சம் தொன் இன்னும் கிடக்கின்றன. 2019 ஓகஸ்ட் கடைசியில் ஃபேமான் பகுதியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் கண்ணிகள் 42ஐக் கடலுக்குள்ளேயே வெடிக்க வைத்தார்கள். அடுத்த கிழமைகளில் கரையொதுங்கிய ஷ்வைன்ஸ்வால்களில் 24ஐ விலங்கு மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். 10இல் வெடிப்பு அதிர்ச்சிக் காயங்கள் இருந்தன. முக்கியமாகக் காதில். காதால்தான் அவை வாழ்கின்றன.

அப்பா கணக்குப் பார்த்தார். "சண்டை முடிஞ்சு எழுபத்திநாலு வருசத்துக்குப் பிறகு" என்றார். பிறகு ஜன்னலால் வெளியே பார்த்தபடி வந்தார்.

மீன்வலைகளில் சிக்கி மூழ்குவதும், கப்பல் இரைச்சலும், காற்றாலைத் தூண்களைக் கடலில் அடிக்கிற சத்தமும் இவற்றுக்கு மற்ற ஆபத்துகள். தூண் அடிக்கும்போது சுற்றிவரக் காற்றுக் குமிழித் திரை போட்டுச் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று ஜேர்மனியில் கட்டுப்பாடு உண்டு. நடுப் பால்டிக்கில் வாழுகிற தனிக் கூட்டத்தில் மிஞ்சியிருப்பது சில நூறு மட்டுமே.

நீங்களும் போக விரும்பினால்

இதற்குப் புயலும் தேவையில்லை, சொந்தப் படகும் தேவையில்லை.

சில்ட் தீவின் மேற்குக் கரையில், கோடையில் கடல் அமைதியான நாளில், மணலில் இருந்தே காணலாம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பாய்கிற ஒன்றைத் தேட வேண்டாம், சின்னக் கறுப்பு முக்கோணத்தைத் தேடுங்கள், காதையும் வைத்துக் கேளுங்கள்.

டென்மார்க்கில் மிடில்ஃபார்டில் இருந்து திமிங்கிலம் பார்க்கப் படகுப் பயணங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அதே ஊர் ஷ்வைன்ஸ்வால் வேட்டைக்குப் பேர்போனது. நாங்கள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

மழை நாளென்றால் ரொனிங்கில் உள்ள முல்ரிமார் வாற்ஃபோறும் நல்லது. ஏறத்தாழ 18 மீற்றர் நீள எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. 2016 தொடக்கத்தில் வட கடல் கரைகளில் அந்த இனத்தில் 30 கரையொதுங்கி இறந்தன, அதில் 16 ஜேர்மனியில். எங்கள் வயது ஆக்களுக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கும்.

பால்டிக்கில் ஷ்வைன்ஸ்வாலைக் கண்டால், ஸ்ரால்சுண்டில் உள்ள ஜேர்மன் கடல் அருங்காட்சியகத்தின் 'ஒஸ்ற்சேரியர' செயலியில் பதியலாம். இடம், நேரம், எத்தனை, குட்டி இருந்ததா. மகள் தங்கள் தாயையும் குட்டியையும் பதிந்தாள்.

ஊருக்குப் போகிற ஆக்கள் திருகோணமலையை மறக்க வேண்டாம். உலகத்திலேயே பெரிய உயிரான நீலத் திமிங்கிலம் அந்தக் கரைக்குக் கிட்ட வரும். இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, 1982 முதல் 1984 வரை 'ரியூலிப்' என்ற சின்னப் பாய்ப்படகில் ஹால் வைற்ஹெட் குழுவினர் இலங்கைக் கடலில்தான் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து படித்தார்கள். பிறகு சண்டை வந்தது. இப்போது திரும்பவும் படகுகள் போகின்றன.

அப்பா அடுத்த கோடையில் எங்களோடு ஊருக்கு வருகிறார். திருகோணமலையில் படகில் ஏறுவீங்களோ என்று மகள் கேட்டிருக்கிறாள். "காத்தைப் பாத்துச் சொல்லுறன்" என்று பதில் வந்திருக்கிறது.

போன ஞாயிறு லண்டுங்ஸ்புறுக்கனில் 62ஆம் இலக்க ஃபெரி வந்தது. அப்பா மீன்பாண் கடைப் பக்கம் போகவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார், மேல்தட்டுக்கு.